வண்டிக்குப் பின்னால் மிதக்கும் கண்

போளூர் வழியாகவும் திருப்பத்தூர் வழியாகவும் ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலைகளில், விடுமுறை நாட்களில் பைக்குகளில் பறந்து வரும் வாலிபர்களைக் கண்டு, கைபேசியிலும் கணினியிலும் ஆடும் பந்தய விளையாட்டுகளே இவர்களைக் கெடுத்தன என்று பெரியவர்கள் பலர் கூறும் அபிப்பிராயத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. அவ்விளையாட்டை எந்த இடத்திலிருந்து பார்த்து ஆடுகிறார்கள் என்பதே விசாரிக்கத்தக்க விஷயம்.

கேமரா எங்கே இருக்கவேண்டும் என்பதை அங்கே ஆடுபவரே தேர்ந்துகொள்கிறார். அது பானெட்டின்மேல் அமரலாம். ஸ்டீயரிங்கும் கண்ணாடிகளும் தெரிய ஓட்டுநரின் ஆசனத்தில் அமரலாம். அல்லது, பலர் விரும்புவதுபோல, வண்டிக்குப் பின்னால் சற்று உயரத்தில் மிதந்து வரலாம். மிதக்கும் கோணத்தில் பக்கவாட்டில் ஒட்டி வருகிறவனும் தெரிவதால் மோதல் குறையும் என்று அதன் ஆதரவாளர்கள் கூறுவதும், கைபேசியின் சிறு திரையில் ஆசனக் கோணம் பாதையை மறைக்கிறது என்று அவர்கள் குறைப்படுவதும் அடியோடு தள்ளத்தக்க வாதங்கள் அல்ல. ஆயினும் மேட்டுக்கு அப்பாலும் எட்டிப் பார்க்கும் அந்தக் கண், சாலையில் செல்லும் எந்த ஓட்டுநருக்கும் வாய்க்காத கண். தன் பார்வைக்கு எட்டாத இடம் உண்டு என்று அறிந்தவனே, அங்கே இன்னொருவன் இருக்கலாம் என்றெண்ணி ஒதுங்கி ஓட்டுகிறான். முந்த முயல்கிறவனே பொறுப்பேற்க வேண்டும், இணையாக வந்துவிட்டவனுக்கு வளைவில் ஒரு வண்டி அகலமாவது இடம் விடவேண்டும், சுழன்று விலகியவன் மற்றவர்கள் கடக்கும்வரை காத்திருந்து பாதைக்குத் திரும்பவேண்டும் என்ற பந்தய சம்பிரதாயங்கள் யாவும் அந்த எண்ணத்தில் பிறந்தவையே.

2008-இல் தொடங்கிய ஐரேசிங் என்ற கணினிப் பந்தய விளையாட்டு, தன் பந்தயங்களில் ஆசனக் கோணத்தைத் தவிர வேறெதிலும் ஓட்ட அனுமதிப்பதில்லை. இரு வண்டிகள் பலமாக மோதினால், பிழை யாருடையது என்று விசாரியாமல் இருவர் கணக்கிலும் குற்றப்புள்ளிகளை ஏற்றுகிறது. இதை அநியாயம் என்று முறையிடுவோர் உண்டு; எனக்கோ அவ்விளையாட்டின் சிறந்த பாடமே அதுதான் என்று படுகிறது, ஏனெனில் தப்பு எதிரே வந்தவன்மேல் என்ற சமாதானம் கொண்டை ஊசி வளைவில் யாரையும் காப்பாற்றுவதில்லை. 2017-இல் வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டும் வேகத்துக்கு ஒரு தரம், களத்து நடத்தைக்கு ஒரு தரம் எனத் தனித்தனியே அளித்தது.

ஜமுனாமரத்தூர்ச் சாலையின் திருப்பங்களில், எதிரே இறங்கி வருவது சாமை மூட்டை ஏற்றிய வேனா, மலைக்கிராமத்து ஜனங்கள் நெருங்கி நிற்கும் பஸ்ஸா என்பதை ஹாரன் ஒலியைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கிறது. மலைப்பாதையில் இரு வண்டிகள் தாராளமாகக் கடக்க இடமில்லாதபோது, இறங்குகிற வண்டி ஓரமாக நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் தெளிவாகவே கூறின. ஆசனக் கோணத்தில் ஆடிப் பழகிய பையனுக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும் என்று நம்புகிறேன்.

ஆகையால், வீட்டில் பிள்ளைகள் ஆடும்போது கைபேசியைப் பிடுங்குவதற்குமுன் கேமராவை மாற்றச் சொல்லுங்கள். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கல்லூரி விழாக்களில் இத்தகைய போட்டிகளை நடத்த நினைப்போர், ஆசனக் கோணத்தைக் கட்டாயமாக்கி, முதலில் வந்தவனுக்குத் தரும் பரிசுக்கு நிகரான பரிசொன்றை எவர்மீதும் இடிக்காமல் ஓட்டி முடித்தவனுக்கும் ஒதுக்க வேண்டும்.