கபடிப் பிள்ளைக்கு ரக்பியும் வரும்; பாலும் முட்டையும் யார் தருவது?

ரக்பி என்று ஒரு பந்தாட்டம் இருக்கிறது. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிர்க் கட்சிக்காரர்கள் மடக்கிப் பிடிப்பார்கள். பிடியிலிருந்து நழுவிப் போய், கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் புள்ளி கிடைக்கும். ஓடும்போது தன் கட்சி ஆளுக்குப் பந்தைக் கொடுக்கலாம். ஆனால் முன்னால் எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும்.

"இது வெள்ளைக்காரன் ஆட்டம். நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சற்று யோசித்துப் பாருங்கள். ஓடுவது, நழுவுவது, தொடையைக் கட்டிப் பிடித்துச் சாய்ப்பது, நாலு பேர் சேர்ந்து ஒருவனை அமுக்குவது, இவையெல்லாம் நம் கபடியில் இல்லையா? கபடியில் ஒரு கட்சிக்கு 7 பேர். ஒலிம்பிக்கில் ஆடப்படும் ரக்பியிலும் ஒரு கட்சிக்கு 7 பேர்தான்!

தாம்பரம், பல்லாவரம், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி என்று நம் தென் புறநகரில் இருக்கும் பிள்ளைகள் இந்த ஆட்டத்தில் பெயர் வாங்க முடியும். இது என் உறுதியான எண்ணம். ஒரே ஒரு தடை உண்டு. அந்தத் தடை பிள்ளைகளின் உடம்பில் இல்லை. வயிற்றிலும் சட்டைப் பையிலும் இருக்கிறது.

கண்ணகி நகர்ப் பெண்

2025 அக்டோபர் மாதம் பஹ்ரைன் நாட்டில் ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டி நடந்தது. பெண்கள் கபடியில் இந்தியா தங்கம் வென்றது. இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று தோற்கடித்தது. அந்த அணியின் துணைத் தலைவி கார்த்திகா. துரைப்பாக்கம் பக்கத்தில் உள்ள கண்ணகி நகரைச் சேர்ந்த பெண்!

கண்ணகி நகர் எப்படி வந்தது? சென்னை நகருக்குள் இருந்த குடிசைகளை அகற்றி, 2000-ம் ஆண்டு முதல் அந்த மக்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். பிழைப்பு ஓர் இடத்தில், வீடு ஓர் இடத்தில் என்று ஆனது. ஊர் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அந்த ஊர்ப் பெண்தான் நாட்டுக்குத் தங்கம் கொண்டுவந்தாள்.

தமிழக அரசு அவளுக்கு 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஜெயித்த பிறகு வரும் லட்சம் ஒருவருக்கு வரும். ஜெயிப்பதற்கு முன் தினமும் கிடைக்கும் ஒரு டம்ளர் பால், நூறு பிள்ளைகளை மைதானத்துக்கு வரவழைக்கும்.

கூலியால் பிரிந்த ஆட்டம்

இங்கிலாந்தில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள்.

வட இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளிகளும் பஞ்சாலைத் தொழிலாளிகளும் ரக்பி ஆடினார்கள். சனிக்கிழமையும் அவர்களுக்கு வேலை நாள். ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். "இழந்த கூலியையாவது கொடுங்கள்" என்று கேட்டார்கள். பணக்காரக் கனவான்கள் மறுத்துவிட்டார்கள். "காசு வாங்கிக்கொண்டு ஆடுவது கௌரவம் இல்லை" என்றார்கள். வயிறு நிறைந்தவனுக்குக் கௌரவம் பேசுவது சுலபம்!

1895 ஆகஸ்டு மாதம் ஹட்டர்ஸ்பீல்டு என்ற ஊரில் 20-க்கும் மேற்பட்ட வடக்கத்திக் கிளப்புகள் கூடின. தனியாகப் பிரிந்தன. பிற்காலத்தில் அதுவே 'ரக்பி லீக்' என்ற ஆட்டமாக வளர்ந்தது. கட்சிக்கு 13 பேர். ஆறு தடவை பிடிபட்டால் பந்து எதிர்க் கட்சிக்குப் போய்விடும்.

அதாவது, ஏழையின் கூலிக்கு மதிப்புக் கொடுத்ததால் பிறந்த ஆட்டம் அது. அந்த ஆட்டம் எங்கே வேர் பிடித்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பப்புவா நியூ கினி என்ற ஏழை நாட்டில் இன்று அதுதான் தேசிய விளையாட்டு! ஆஸ்திரேலியாவின் பெரிய லீக் போட்டியில் 2028-ம் ஆண்டு முதல் அந்த நாட்டு அணியும் சேர இருக்கிறது. அதற்காக 10 ஆண்டுகளில் 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் தருவதாக ஆஸ்திரேலிய அரசு ஒப்புக்கொண்டது.

பிஜித் தீவைப் பாருங்கள். நம் தமிழ் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பல் ஏறிப் போன தீவு. மொத்த ஜனத்தொகை சுமார் 9 லட்சம். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் 7 பேர் ரக்பியில் தங்கம் வாங்கியது. அந்த நாடு ஒலிம்பிக்கில் பெற்ற முதல் பதக்கமே அதுதான். டோக்கியோவில் 2021-ல் நடந்த ஒலிம்பிக்கிலும் தங்கம்!

ஒடிசா செய்தது

"அதெல்லாம் வெளிநாடு" என்று சொல்லிவிட முடியாது. ஒடிசாவில் புவனேசுவரம் நகரில், பழங்குடிப் பிள்ளைகளுக்கு உணவும் தங்கும் இடமும் இலவசமாகத் தந்து படிக்க வைக்கும் கலிங்கா நிறுவனம் இருக்கிறது. அந்தக் காட்டு கிராமத்துப் பையன்கள் ரக்பி பழகினார்கள். 2007-ல் லண்டன் போய், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சர்வதேசப் பள்ளிக்கூடப் போட்டியில் கோப்பையை வென்றார்கள்!

அவர்களுக்கு முதலில் கிடைத்தது பந்து அல்ல, சோறு. இதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1956-ல் காமராஜர் மதிய உணவு போட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். 2022-ல் காலை உணவும் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பொருந்திய நியாயம் மைதானத்துக்குப் பொருந்தாதா?

என்ன செய்யலாம்?

பெரிய ஸ்டேடியம் கட்டச் சொல்லவில்லை. நம் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானங்களைக் காலையிலும் மாலையிலும் திறந்து வைத்தால் போதும். தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. வார்டுக்கு ஒரு திடலையாவது வேலி போட்டுக் காப்பாற்ற வேண்டும். மண் தரை என்றால் கல் பொறுக்கிச் சமப்படுத்த வேண்டும்.

கபடி சொல்லித் தரும் வாத்தியார்களுக்கே ரக்பியையும் கற்றுக் கொடுக்கலாம். புதிதாக ஆள் தேடி அலைய வேண்டாம். பயிற்சிக்கு வரும் பிள்ளைக்குப் பால், முட்டை, சுண்டல், பஸ் காசு தர வேண்டும். வெளியூர்ப் போட்டிக்கு மகன் போனால் வீட்டில் ஒரு நாள் வருமானம் குறையும் என்ற நிலை இருந்தால், அந்தக் குறையையும் ஈடுகட்ட வேண்டும். அரசு பாதி, ஊர் வியாபாரிகளும் கம்பெனிகளும் பாதி என்று ஏற்கலாம்.

தாய்மார்களுக்குப் பயம் இருக்கும். "அடிபட்டால் என்ன செய்வது?" நியாயமான கேள்வி. சின்னப் பிள்ளைகளை மோதவிட வேண்டாம். இடுப்பில் துணிப் பட்டை கட்டி, அதை உருவினால் பிடிபட்டதாகக் கொண்டு ஆடும் முறை இருக்கிறது. அதில் தொடங்கலாம். பெரியவர்கள் ஆட்டத்தில் தலையில் அடிபட்டவனை உடனே வெளியே உட்கார வைத்து, டாக்டர் சரி என்று சொல்லும் வரை ஆட விடக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பெண்களையும் விட்டுவிடாதீர்கள். 2019-ல் மணிலாவில் இந்தியப் பெண்கள் ரக்பி அணி சிங்கப்பூரை 21-19 என்று வென்றது. 15 பேர் ஆடும் ரக்பியில் அவர்களுக்குக் கிடைத்த முதல் சர்வதேச வெற்றி அது. அந்த அணியில் பெயர் வாங்கிய சுவீட்டி குமாரி பீகாரின் சிற்றூரிலிருந்து வந்தவள்.

"ஆட்டம் சோறு போடுமா?" என்று அப்பா கேட்பார். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் உண்டு. எந்த ஆட்டத்துக்கு எந்த வேலை, என்ன சான்றிதழ் வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே பெற்றோரைக் கூட்டி எடுத்துச் சொல்ல வேண்டும்.

2025 ஜூன் மாதம் மும்பையில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. கோப்பையை வென்ற அணியின் பெயர் சென்னை புல்ஸ். கேட்கவே பெருமையாக இருக்கிறது. நாளைக்கு அந்தச் சட்டையைச் செம்மஞ்சேரிப் பையனும் போட வேண்டும், பம்மல் பெண்ணும் இந்தியாவுக்கு ஆட வேண்டும். ஓடுவதற்கு அவர்கள் தயார். ஒரு திடலும், ஒரு வாத்தியாரும், ஒரு டம்ளர் பாலும் நாம் தர வேண்டியவை.