பெயின்ட் பிறகு அடிக்கலாம்



எங்கள் ஊரிலும் பழைய கம்பிக்கயிற்றுக் கிரேனை வாங்கி, வீட்டு வளவில் வைத்துத் திருத்துகிறார்கள். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் செய்த ரஸ்டன் புசைரஸ் 22-ஆர்பி போன்றவை கயிறு, டிரம், கிளட்ச், பிரேக் கொண்டே பாரம் தூக்குபவை. ஊர் பாஸ்மாரே கழற்றிப் பூட்டலாம். அந்த முயற்சியைப் பாராட்டுகிறோம்.

ஆனால் பெயின்ட் அடிக்க முதல் கயிற்றைப் பாருங்கள். வெளியே நல்லாயிருந்தாலும், கிறீஸ் வற்றிய கயிறு உள்ளே துருப்பிடித்திருக்கலாம். பிரேக் லைனிங்கில் எண்ணெய் பட்டால் பாரம் வழுக்கி இறங்கும். பூம் சாயச் சாயத் தூக்கக்கூடிய பாரமும் குறையும்.

வேடிக்கை பார்க்க வளவுக்குள் நிற்பவர்களில் எங்கள் மாணவர்களும் இருக்கிறார்கள். கயிற்றுக் காசை மிச்சம் பிடிக்க அவர்களைப் பணயம் வைக்கலாமா? புதுக் கயிறு போட்டு, பிரேக்கைச் சோதிக்கும்வரை கொக்கியில் எதையும் தொங்கவிடாதீர்கள். பிள்ளைகளை வேலிக்கு வெளியே நிறுத்துங்கள். உயிர் அமானிதம்.