சிவகாசி ஜீப்புக்கு ஹீட்டர் எதுக்கு?

விருதுநகர் பக்கம் ஒரு பழைய பொலேரோவையோ சுமோவையோ பட்டறையில் விட்டு, "அண்ணே, ஹீட்டர் வேலை செய்யல, கொஞ்சம் பாருங்க" என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். முதலில் ஒரு சிரிப்பு வரும். அடுத்து, "தம்பி, இந்த ஊர்ல வண்டிக்குள்ள உட்கார்ந்தாலே ஹீட்டர்தான்" என்று பதில் வரும். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் அந்தச் சிரிப்பு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் சிரிப்பு முடிந்ததும் நடக்கிற வேலைதான் தப்பு.

அது என்ன வேலை? எஞ்சினிலிருந்து வண்டிக்குள் போகும் இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒன்றோடொன்று இணைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுவார்கள். பத்து நிமிட வேலை, செலவும் கொஞ்சம்தான். அன்றோடு அந்த வண்டியில் ஹீட்டர் என்ற ஒன்று கிடையாது. அடுத்து அதை வாங்குகிறவருக்கு இந்த விஷயம் தெரியவே தெரியாது.

ஹீட்டர் என்பது தனியாக எரியும் அடுப்பு இல்லை. எஞ்சினைச் சுற்றி வந்த சூடான கூலண்ட், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாக ஓடுகிறது. பட்டறைகளில் அதை ஹீட்டர் காயில் என்பார்கள். புளோயர் அதன் மேல் காற்றை ஊதுகிறது. அந்தக் காற்று காலுக்கும் போகும், முன் கண்ணாடிக்கும் போகும். இரண்டாவதாகச் சொன்னதுதான் முக்கியம்.

சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வளர்ந்ததற்கு அங்குள்ள வறண்ட காற்றும் ஒரு காரணம். அதே வறட்சியால்தான் வருடத்தில் முக்கால்வாசி நாள் கண்ணாடியில் பனி படிவதில்லை, ஹீட்டரும் வீண் சாமானாகத் தெரிகிறது. ஆனால் பட்டாசு விற்பனை சூடுபிடிப்பது எப்போது? தீபாவளிக்கு முன்னால், அதாவது வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற ஐப்பசியில். அடைமழை, கண்ணாடிகள் ஏற்றியிருக்கின்றன, உள்ளே எட்டுப் பேர் மூச்சு விடுகிறார்கள். அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து எதிரே வருவது லாரியா பஸ்ஸா என்றே தெரியாது. டிரைவர் ஒரு கையில் துண்டை வைத்துத் துடைத்துக்கொண்டே மறு கையால் ஸ்டீயரிங் பிடிப்பார். இதே வண்டி மார்கழியில், 100 மீட்டர் உயரத்தில் இருக்கும் விருதுநகரிலிருந்து வத்தலக்குண்டு வழியாக, 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்கு ஏறினால்? கொண்டை ஊசி வளைவில் துண்டு எதற்குப் போதும்?

ஏசி உள்ள வண்டியில் ஏசி காற்றின் ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும். இரண்டும் சேர்ந்தால் சீக்கிரமே பார்வை தெளியும். ஏசியும் ஓடாத பழைய ஜீப்பில் ஹீட்டரையும் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது துண்டுதான்.

இன்னொரு கொடுமை, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது. "வெயில் ஊர், எஞ்சின் கூலா ஓடட்டும்" என்பது அதற்குச் சொல்லும் காரணம். எஞ்சின் அதன் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் தேய்மானமும் டீசல் செலவும் கூடும். சில எஞ்சின்களில் கூலண்ட் ஓட்டமே தடம் மாறி, சூடு குறைவதற்குப் பதில் ஏறும். ஹீட்டரிலோ வெதுவெதுப்பான காற்றுதான் வரும். உடனே, "பார்த்தீங்களா, ஹீட்டரே வேஸ்ட்!" என்று அதே ஆள் சொல்வார்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. ஒழுகுகிற காயிலை அப்படியே விட்டால் கொதிக்கும் கூலண்ட் காலில் கொட்டும். அதனால் அவசரத்துக்கு ஹோஸை இணைத்துக் கட்டுவது சரிதான். காயிலை மாற்ற டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும், கூலி அதிகம் என்பதும் உண்மை. ஆனால் எல்லாப் பழுதும் காயில் பழுது இல்லையே!

எஞ்சின் சூடானதும் இரண்டு ஹோஸையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். ஒன்று சுட்டு, மற்றது குளிர்ந்திருந்தால் வால்வு திறக்கவில்லை, அல்லது காயில் அடைத்திருக்கிறது. இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும். இரண்டும் நன்றாகச் சுட்டும் காற்று வரவில்லையென்றால் ஃபியூஸ், புளோயர். உள்ளே இனிப்பு வாடை, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம், கால் மிதியடியில் ஈரம் இருந்தால் மட்டுமே காயில் ஒழுகுகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

அடைப்புக்கும் காரணம் தொலைவில் இல்லை. ரேடியேட்டரில் ஊற்றுகிற உப்புப் போர் தண்ணீர்தான். பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளை உப்பு காயிலின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. ஒழுகலை அடைக்க மஞ்சள் பொடி போடுகிற கைவைத்தியம் ஒழுகலோடு காயிலையும் சேர்த்து அடைக்கும். எதிர்த்திசையில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, டிஸ்டில்டு வாட்டரில் சரியான அளவு கூலண்ட் கலந்து ஊற்றினால் பல காயில்கள் பிழைத்துவிடும். செம்பு, பித்தளைக் காயில் என்றால் ரேடியேட்டர் கடையில் பற்றவைக்கலாம். அலுமினியம் என்றால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

இதற்கெல்லாம் சோம்பல்பட்டு, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 12 வோல்ட் ஹீட்டரை ஆன்லைனில் வாங்குவோர் ஒரு கணக்குப் போட வேண்டும். 12 வோல்ட், 15 ஆம்பியர் என்றால் 180 வாட். வீட்டு ரூம் ஹீட்டரே 1,000 வாட்டுக்கு மேல்! நைந்த பழைய ஒயரில் அதை மணிக்கணக்கில் ஓட்டினால் கண்ணாடிக்கு முன் ஒயர் சூடாகும். பட்டாசுப் பெட்டி ஏற்றுகிற ஊரில் இந்த விளையாட்டு தேவையா?

பட்டாசு ஆலையில் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்ற விதியைப் பார்த்தும் "அதெல்லாம் எதுக்கு" என்றவர்கள் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30 பேருக்கு மேல் இறந்த வெடிவிபத்தை அந்த வட்டாரம் மறக்காது. அதையும் ஒரு ஹீட்டரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் "எதுக்கு" என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தேவைப்படாத 300 நாளைக் காட்டி, தேவைப்படும் அந்த ஒரு நாளுக்கான பாதுகாப்பைக் கழற்றி எறிகிற கேள்வி அது.

அடுத்த முறை பட்டறையில் அந்தச் சிரிப்பு வரும்போது வண்டிக்காரரும் கூடச் சேர்ந்து சிரிக்கட்டும், தப்பில்லை. சிரித்து முடித்ததும், "சரிண்ணே, இப்ப அந்த ஹோஸைக் கழற்றி ஹீட்டர்ல மாட்டுங்க" என்று சொன்னால் போதும்.