இலாபத்தில் எவ்வளவு தண்ணீர்?



கம்பெனிக்கு இலாபம் ஏறியது என்று ஆங்கிலப் பத்திரிகையில் செய்தி வருகிறது. உடனே பங்கின் விலை எகிறுகிறது. அதே கம்பெனியின் பிரதிநிதிகள் சம்பளப் பேச்சுவார்த்தைக்கு வந்து உட்கார்ந்தால், "கையில் பணம் இல்லை" என்று மூக்கால் அழுகிறார்கள். எது பொய்? சில சமயங்களில் இரண்டுமே மெய்யாக இருந்துவிடும். சூழ்ச்சியே அங்கேதான் இருக்கிறது.

நாம் கொண்டுபோகும் பாலை ஸ்டோரில் நிறுத்தவுடன் அப்படியே எழுதிக்கொள்கிறார்களா? இல்லை. தண்ணீர் போக, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று சோதித்துத்தான் நம் பெயருக்கு நேரே எழுதுகிறார்கள். கம்பெனியின் இலாபத்தை மட்டும் யாரும் சோதிப்பதில்லை. வாளி நிறைந்திருந்தால் போதும், பங்குக்காரர்களுக்குச் சந்தோஷம்!

தண்ணீர் எப்படிக் கலக்கிறது? நிலத்தை விற்ற பணம் ஒரு வழி. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் இழந்தன. அப்படி விற்று வருகிற இலாபம் ஒரு முறைதான் வரும். மறுவருஷம் அந்த நிலத்தில் பால் வடியாது. உரத்தை நிறுத்தி, மருந்தை மிஞ்சித் தடவி, பட்டையைத் தின்று தீர்ப்பது இன்னொரு வழி. இவ்வருஷத்துக் கணக்கு மினுங்கும். மரம் வறண்டு நிற்கும். இதை வெட்டுக்காரத் தோழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது வழி எங்களைப் போன்ற கிராணிமாரின் பேனா வழியாக நடக்கிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. முன்பு நான் வேலை செய்த தோட்டமொன்றில், பால் வெட்டும் காட்டில் புல் வெட்டிய ஆட்களின் சம்பளத்தை இளங்கன்றுக் காட்டின் கணக்கில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். வெட்டுக்காட்டுச் செலவு அந்த வருஷ இலாபத்தைக் குறைக்கும். கன்றுக்காட்டுச் செலவோ மூலதனமாகிச் சொத்துப் பட்டியலில் ஏறிவிடும். பெட்டியை விட்டுப் போன பணம் போனதுதான். இலாபம் மட்டும் கூடிவிட்டது!

இது சின்னத் தோட்டத்துத் திருட்டு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் வோர்ல்ட்காம் என்ற டெலிபோன் கம்பெனி செய்ததும் இதுவே. 380 கோடி டாலர் அன்றாடச் செலவை மூலதனம் என்று எழுதியதாக 2002 ஜூனில் வெளிவந்தது. 1999-ல் 60 டாலருக்கு மேல் விற்ற பங்கு சில சென்டுக்கு வந்தது. 17,000 பேரை வீட்டுக்கு அனுப்பப்போவதாகவும் அறிவித்தார்கள். அதைக் கண்டுபிடித்தவர் யார்? அந்தக் கம்பெனியிலேயே கணக்குச் சரிபார்த்த சிந்தியா கூப்பர் என்ற பெண்மணியும் அவருடன் இருந்தவர்களும். நான் எழுதினேன், அவர் எழுதியதைக் கிளறினார்.

பங்குக்காரர்கள் கெட்டிக்காரர்கள், ஏமாறமாட்டார்கள் என்பார்கள். பேராசிரியர் ரிச்சர்ட் ஸ்லோன் அமெரிக்கக் கம்பெனிகளின் 30 வருஷக் கணக்கை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்டார். ரொக்கமாக வந்த இலாபம் நிலைக்கிறது. ஏட்டில் மட்டும் எழுதிய இலாபம் சீக்கிரம் கரைகிறது. சந்தையோ இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்து, பிறகு கையைச் சுட்டுக்கொள்கிறது. 2005-ல் வெளிவந்த இன்னோர் ஆராய்ச்சியில் 401 கம்பெனி நிதி அதிகாரிகளைக் கேட்டார்கள். இலாப இலக்கை எட்டுவதற்காகப் பராமரிப்பு, விளம்பரம், ஆராய்ச்சிச் செலவுகளைக் குறைப்போம் என்று நூற்றுக்கு 80 பேர் கூசாமல் ஒப்புக்கொண்டார்கள். பராமரிப்பு என்றால் தோட்டத்தில் என்ன? உரம், ஒழுகுகிற கூரை, உடைந்த குழாய்!

இது பணக்காரன் விவகாரம், நமக்கென்ன என்று ஒதுங்க முடியாது. மாதந்தோறும் நம் சம்பளத்தில் பிடிக்கும் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதி பங்குகளில்தான் போடப்படுகிறது. தண்ணீர் கலந்த இலாபத்தை நம்பி வாங்கினால் நட்டம் நம் முதுமைக்கு.

ஆகவே, சம்பளப் பேச்சில் "இலாபம் எவ்வளவு?" என்பதோடு நிற்கக் கூடாது. விற்பனையில் ரொக்கமாக வந்தது எவ்வளவு? நிலம் விற்றது எவ்வளவு? மூலதனம் என்று தள்ளிய செலவு எது? பங்குக்காரருக்கு ஈவு கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது? கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் ரொக்க வரவு செலவுக்கென்று தனிப் பக்கம் உண்டு. கிராணித் தோழர்கள் அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதி, பேச்சுவார்த்தைக்கு முன்பே கிளைக் கூட்டத்தில் வைக்கவேண்டும். என் கிளையில் அந்த வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.