லண்டன் பென்ஷன்: ஊர் திரும்பியவர்களுக்கு விழுந்தது 'செக்'!

சென்னை: லண்டனில் நாலு வருஷம், அஞ்சு வருஷம் வேலை பார்த்துவிட்டு சென்னை, கோவை, திருச்சி என்று ஊர் திரும்பியவர்கள் ஏராளம். வயதான காலத்தில் பிரிட்டன் அரசின் பென்ஷனை வாங்க இவர்களுக்கு ஒரு மலிவான வழி இருந்தது. 2026 ஏப்ரல் 6-ந் தேதியோடு அந்த வழி அடைபட்டு விட்டது.

பழைய வருஷங்களுக்கு மட்டும் கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கிறது. அதுவும் ஒவ்வொரு ஏப்ரலிலும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிறது. விவரம் தெரியாமல் இருப்பவர்களுக்குத்தான் நஷ்டம்.

பென்ஷன் கணக்கு என்ன?

பிரிட்டனில் சம்பளம் வாங்கும் பெரும்பாலானவர்களிடம் 'நேஷனல் இன்சூரன்ஸ்' என்று ஒரு தொகையைப் பிடித்துவிடுவார்கள். சம்பள ரசீதில் பார்த்துவிட்டு, "நமக்கு எதுக்குப்பா இது?" என்று அலுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. உண்மையில் அரசு பென்ஷனுக்கு அதுதான் அஸ்திவாரம்.

2016 ஏப்ரல் 6 முதல் அமலில் இருக்கும் புதிய விதிப்படி, 35 வருஷம் கட்டினால் முழு பென்ஷன். குறைந்தது 10 வருஷம் இருக்க வேண்டும். 9 வருஷம் கட்டிவிட்டு நின்றால் ஒரு பைசா கிடையாது. கட்டிய காசும் பொதுவாகத் திரும்பி வராது.

முழு பென்ஷன் 2025-26-ல் வாரத்துக்கு 230.25 பவுண்டு. 2026-27-க்கு 241.30 பவுண்டு. ஒரு பவுண்டுக்குக் குறைச்சலாக 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது.

35 வருஷம் யாரால் முடியும்? முடியாதவர்களுக்கு விகிதாச்சாரப்படி கிடைக்கும். ஒவ்வொரு வருஷத்துக்கும் முழு பென்ஷனில் 35-ல் ஒரு பங்கு. 2026-27 கணக்கில் அது வாரத்துக்கு 6 பவுண்டு 89 பென்ஸ்.

மூன்றரை பவுண்டு மாயம்

வேலையை விட்டு வெளிநாடு போனவர்கள், விட்டுப்போன வருஷங்களுக்கு தாங்களாகவே பணம் கட்டலாம். இதில் இரண்டு ரகம். 'கிளாஸ் 2', 'கிளாஸ் 3' என்று பெயர்.

2025-26-ல் கிளாஸ் 2-க்கு வாரத்துக்கு 3.50 பவுண்டு. வருஷத்துக்கு 182 பவுண்டுதான். கிளாஸ் 3-க்கு வாரத்துக்கு 17.75 பவுண்டு. வருஷத்துக்கு 923 பவுண்டு. கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. கிடைக்கிற பென்ஷன் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்!

பிரிட்டனில் வேலையில் இருந்து, அங்கிருந்து கிளம்பி வந்து, இங்கேயும் வேலையோ சொந்தத் தொழிலோ செய்பவர்களுக்கு கிளாஸ் 2 கிடைத்தது. அங்கே தொடர்ந்து 3 வருஷம் வசித்திருக்க வேண்டும், அல்லது 3 வருஷம் நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. வேலைக்குப் போகாமல் இருப்பவர்களுக்கு கிளாஸ் 3.

ஐ.டி. கம்பெனி வேலைக்குப் போனவர்கள், அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த நர்சுகள், டாக்டர்கள் என்று பலருக்கும் பொருந்தக்கூடிய சலுகை இது. கேள்விப்படாமலே விட்டவர்களும் உண்டு.

பட்ஜெட்டில் வந்த வெட்டு

2025 நவம்பர் 26-ல் பிரிட்டன் நிதி அமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் தாக்கல் செய்த பட்ஜெட்டில் இதற்கு வேட்டு வைக்கப்பட்டது.

2026 ஏப்ரல் 6 முதல் வரும் காலத்துக்கு, வெளிநாட்டில் இருப்பவர்கள் கிளாஸ் 2 கட்ட முடியாது. கிளாஸ் 3 மட்டும்தான். அதுவும் 3 வருஷத் தகுதி போதாது. 10 வருஷம் அங்கே வசித்திருக்க வேண்டும், அல்லது 10 வருஷம் கட்டியிருக்க வேண்டும்.

பிரிட்டனோடு பெரிய ஒட்டு உறவு இல்லாதவர்கள் சல்லிசாக பென்ஷன் வாங்கிவிடுகிறார்கள் என்பது அந்த அரசின் வாதம். அங்கே வரி கட்டுகிறவர்கள் பக்கம் நின்று பார்த்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 182 பவுண்டு கட்டினால் வருஷா வருஷம் 350 பவுண்டுக்கு மேல் ஆயுள் முழுக்க தருவது எந்த அரசுக்கும் கட்டுப்படியாகாத கணக்குதான்.

ஆனால் இதில் அடிபடுவது யார் என்று பார்க்க வேண்டும். 10 வருஷம் அங்கேயே இருந்தவருக்கு குறைந்தபட்சத் தகுதி ஏற்கனவே வந்துவிட்டது. 3 வருஷத்தில் இருந்து 9 வருஷம் வரை வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார். அவருடைய சம்பளத்தில் பிடித்த பணம் பிடித்ததுதான். 2026-27 முதல் வரும் வருஷங்களை ஊரில் இருந்தபடி நிரப்பும் வழி இனி பெரும்பாலும் இல்லை.

2027 ஏப்ரல் 5: கடைசி பஸ்

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. புதிய விதி 2026-27 முதல் வரும் வருஷங்களுக்குத்தான். 2025-26 வரையிலான வருஷங்களுக்கு பழைய விதிப்படியே கட்டலாம். ஆனால் ஆறு வருஷம் வரைதான் பின்னோக்கிப் போக முடியும்.

ஒரு உதாரணம். ஒருவர் 2016 ஏப்ரலில் லண்டன் போய், 4 வருஷம் முழுசாக வேலை பார்த்துவிட்டு 2020 ஏப்ரலில் சென்னை திரும்பி இங்கே வேலையில் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 4 வருஷம். 2020-21 முதல் 2025-26 வரை விட்டுப்போனது 6 வருஷம். ஆறையும் கட்டினால் சரியாக 10. பென்ஷன் உறுதி.

கிளாஸ் 2 கிடைத்தால் செலவு சுமார் 1,100 பவுண்டு. கிடைக்கும் பென்ஷன் 2026-27 கணக்குப்படி வாரத்துக்கு சுமார் 69 பவுண்டு. போட்ட பணம் நாலே மாதத்தில் திரும்பிவிடும். கிளாஸ் 3 என்றால் 5,500 பவுண்டுக்கு மேல் ஆகும். அப்போதும் பென்ஷன் ஆரம்பித்து ஒன்றரை வருஷம் தாண்டியதுமே முதல் எடுத்துவிடலாம்.

ஆனால் 2020-21-ம் வருஷத்துக்குக் கட்ட கடைசி நாள் 2027 ஏப்ரல் 5. அந்தத் தேதியை விட்டால் மிஞ்சுவது 9. அதாவது பூஜ்யம்!

அதேபோல இன்னொருவர் 3 வருஷம் வேலை பார்த்துவிட்டு 2022 ஏப்ரலில் திரும்பியிருந்தால், கட்டக்கூடியது 4 வருஷம். மொத்தம் 7. இவர் ஆசைப்பட்டு கட்டினால் அது வீண். மறுபடி பிரிட்டன் போய் மிச்சம் 3 வருஷம் சேர்க்கும் எண்ணம் இருந்தால் மட்டுமே கட்டலாம்.

"இங்கே பி.எஃப். பிடிக்கிறாங்களே, அதைச் சேர்த்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டால், மாட்டார்கள். இந்தியாவில் வேலை பார்த்த வருஷம் பிரிட்டன் பென்ஷன் கணக்கில் ஏறாது.

கடை வைத்திருப்பவர்கள் கதி

ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் என்று லண்டனில் தமிழர்கள் கடை, டாக்சி, டெலிவரி என சொந்தத் தொழிலில் இருக்கிறார்கள். இவர்களுக்கு வேறு மாதிரி சிக்கல்.

2024 ஏப்ரல் முதல் சொந்தத் தொழில்காரர்களுக்கு கிளாஸ் 2 கட்டாயம் இல்லை. 2025-26-ல் லாபம் 6,845 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால், கிளாஸ் 2 கட்டாமலேயே அந்த வருஷம் பென்ஷன் கணக்கில் சேர்ந்துவிடும். அதற்குக் கீழே போனால் தானாகச் சேராது. தாமாக முன்வந்து வாரம் மூன்றரை பவுண்டு கட்டினால்தான் உண்டு. பிரிட்டனிலேயே இருப்பவர்களுக்கு இந்த மலிவு வழி பறிபோகவில்லை.

வியாபாரம் படுத்த வருஷத்தில்தான் லாபம் குறையும். வரிக் கணக்கில் லாபத்தைக் குறைத்துக் காட்டினால் சந்தோஷப்படுகிற ஆட்களும் உண்டு. வரி மிச்சமானதைப் பார்ப்பார்கள், பென்ஷனில் ஒரு வருஷம் ஓட்டை விழுந்ததைப் பார்க்க மாட்டார்கள். 182 பவுண்டில் அடைக்க வேண்டிய ஓட்டையை 923 பவுண்டு கொடுத்து அடைக்கும் நிலை பிறகு வரலாம்.

ஊருக்கு வந்தால் உறைந்துவிடும்

இத்தனை பாடுபட்டு பென்ஷன் வாங்கினாலும் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு இன்னொரு அடி காத்திருக்கிறது. பிரிட்டனில் ஆண்டுதோறும் பென்ஷனை உயர்த்துவார்கள். இந்தியாவில் இருப்பவருக்கு உயர்த்த மாட்டார்கள். முதல் நாள் என்ன தொகையோ, கடைசி வரை அதே தொகை.

2016-ல் முழு பென்ஷனோடு ஓய்வு பெற்று லண்டனிலேயே தங்கிவிட்டவருக்கு 2026-27-ல் வாரம் 241.30 பவுண்டு. அதே நாளில் ஓய்வு பெற்று சென்னைக்கு வந்துவிட்டவருக்கு இன்றும் 155.65 பவுண்டுதான். கட்டியது ஒரே பணம். வித்தியாசம் வாரத்துக்கு 85 பவுண்டுக்கு மேல்.

இலங்கைக்கும் இதே கதிதான். யாழ்ப்பாணத்தில் வீடு கட்டி கடைசிக் காலத்தைக் கழிக்க நினைக்கும் லண்டன் தமிழர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். ஆஸ்திரேலியா, கனடாவுக்கும் உயர்வு இல்லை. அமெரிக்காவுக்கும் பிலிப்பைன்சுக்கும் உண்டு. எந்த நாட்டோடு ஒப்பந்தம் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு மட்டும் உயர்வு என்பதே பிரிட்டனின் நிலை.

இதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் வரை போனார்கள். 2010 மார்ச்சில் தீர்ப்பு பென்ஷன்தாரர்களுக்கு எதிராகப் போய்விட்டது. உலகம் முழுக்க 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி உறைந்த பென்ஷனோடு இருக்கிறார்கள்.

அப்படியானால் கட்டுவது வீணா? இல்லை. மேலே சொன்ன 10 வருஷக் கணக்கில் பென்ஷன் உயராவிட்டாலும் போட்ட பணம் சீக்கிரமே திரும்பிவிடுகிறது. ஆனால் "பென்ஷன் வருஷா வருஷம் ஏறும், அதை வெச்சு ஓட்டிடலாம்" என்று நம்பி மற்ற சேமிப்பை விட்டுவிடக் கூடாது.

வயதும் முக்கியம். பென்ஷன் வயது 66-ல் இருந்து 67 ஆக 2026 ஏப்ரலுக்கும் 2028-க்கும் இடையில் படிப்படியாக உயர்கிறது. பிறகு 68 ஆக்கவும் சட்டம் இருக்கிறது. அதற்கு முன்பே இறந்துவிட்டால், தாமாகக் கட்டிய பணம் பொதுவாகக் குடும்பத்துக்கு வராது.

என்ன செய்யலாம்?

முதலில் பழைய என்.ஐ. நம்பரைத் தேடி எடுக்க வேண்டும். பழைய சம்பள ரசீதிலும், பி-60 என்ற வருடாந்திர வரிச் சான்றிலும் அது இருக்கும்.

அடுத்து, எத்தனை வருஷம் பதிவாகி இருக்கிறது என்று பிரிட்டன் அரசின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். படிக்கும்போது பார்ட் டைம் வேலை செய்த வருஷம் கூட, சம்பளம் போதுமான அளவு இருந்திருந்தால் கணக்கில் ஏறியிருக்கலாம்.

பிறகு 'சி.எஃப். 83' என்ற விண்ணப்பத்தை பிரிட்டன் வருவாய்த் துறைக்கு அனுப்ப வேண்டும். கிளாஸ் 2 கேட்பவர்கள், அங்கே வேலையில் இருந்து நேராகக் கிளம்பியதையும் இங்கே வேலை செய்வதையும் தெளிவாக எழுத வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் கடைசி நேரம் வரை காத்திருப்பது ஆபத்து.

இதற்கெல்லாம் ஏஜென்ட் தேவையே இல்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணமும் கிடையாது. "10 வருஷம் இல்லேன்னாலும் பென்ஷன் வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் உஷாராக ஒதுங்கிவிடுவது நல்லது.

4 வருஷம் வேலை பார்த்தவருக்கு, அந்த 4 வருஷ உழைப்பு பென்ஷனாக மாறுவதும் மண்ணாகப் போவதும் இப்போது ஒரு விண்ணப்பத்தில் இருக்கிறது. 2027 ஏப்ரல் 5-க்குள் அது போய்ச் சேர்ந்து, பணமும் கட்டியாக வேண்டும்.