தையல் மெஷின் கொடுத்தால் போதுமா?

தொழில்முனைவோர் பயிற்சி முகாம்களில் மேடையேறுகிற பலரும் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: உழைப்பும் தரமும் இருந்தால் வாடிக்கையாளர் தானே தேடி வருவார். கேட்கத் தெம்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. கடையை மூடியவர் உழைக்கவில்லை, இல்லாவிட்டால் அவர் சரக்கு சரியில்லை என்பதே அந்தத் தீர்ப்பு. நகையை அடகு வைத்துத் தொழில் தொடங்கி, கடனோடு வீட்டுக்குத் திரும்பிய பெண்கள் இந்தப் பழியையும் சேர்த்தே சுமக்கிறார்கள். பெரும்பாலும் அது பொய்ப்பழி. சிறுதொழிலில் ஒருவர் நிற்பதும் விழுவதும் அவருடைய வைராக்கியத்தைவிட, அந்த இடத்தில் அந்தப் பொருளுக்குக் காசு கொடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான் அதிகம் பொறுத்திருக்கிறது.

முதலில் உழைப்பு. தையலையே எடுத்துக்கொள்வோம். பெண்களுக்குச் சுயதொழில் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தையல்தான். அரசே சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் தருகிறது. நம் ஊர்களில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ‘இங்கு ப்ளவுஸ் தைத்துத் தரப்படும்’ என்ற அட்டை இரண்டு மூன்று வாசல்களில் தொங்கும். அந்தத் தெருவில் நூறு வீடுகள் என்றும், வீட்டுக்கு ஆண்டுக்கு ஆறு ப்ளவுஸ் வெளியே கொடுத்துத் தைக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 600. மூன்று பேர் பங்கிட்டால் ஆளுக்கு 200. சாதா ப்ளவுஸுக்குக் கூலி 150 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 30,000, மாதத்துக்கு 2,500 ரூபாய். இதில் நூல், ஊக்கு, மெஷின் ரிப்பேர், கரண்ட் எல்லாம் போக வேண்டும். அதுவும் மாதாமாதம் ஒரே சீராக வராது. தீபாவளிக்கும் முகூர்த்த நாட்களுக்கும் துணி குவியும். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து தைத்தாலும் தீராது. மற்ற நாட்களில் மெஷின் உறை போட்டபடி கிடக்கும். இந்தத் தெருவுக்கு நான்காவதாக ஒரு மெஷினைக் கொடுத்தால் என்ன ஆகும்? துணி கூடுதலாக வராது. அதே 600 ப்ளவுஸை நான்கு பேர் பங்கிடுவார்கள். இதில் யாருடைய சோம்பேறித்தனம் இருக்கிறது?

இது வெறும் மனக்கணக்கு அல்ல. கானா நாட்டில் ஹொஹோ என்ற ஊரின் தையல்காரர்களிடம் மார்கன் ஹார்டி, ஜிசெல்லா கேகி என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஆய்வு செய்து 2020-இல் வெளியிட்டார்கள். அங்கே பெண் தையல்காரர்கள் ஆண்களைவிட மிகக் குறைவாகச் சம்பாதித்தார்கள். ஆண்கள் கெட்டிக்காரர்கள் என்பதல்ல காரணம். பெண்களுக்கான உடை தைப்பதில் கூட்டம் நெரிந்தது; வாடிக்கையாளர் எண்ணிக்கைக்குத் தையல்காரர்கள் மிக அதிகம். ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்துத் துணி தைக்க ஆர்டர் கொடுத்தார்கள். பெண்களின் லாபம் கூடியது. அவர்களுக்குக் கைத்திறனும் நேரமும் முன்பே இருந்தன. இல்லாதிருந்தது ஆர்டர் மட்டுமே.

அடுத்து, ‘முதலில் தரம், பிறகு சந்தை’ என்ற பேச்சு. எகிப்தில் ஃபோவா என்ற ஊர் கைத்தறிக் கம்பளங்களுக்குப் பெயர் பெற்றது. டேவிட் ஆட்கின், அமித் கண்டேல்வால், ஆடம் ஓஸ்மான் மூவரும் அங்கே சிறு நெசவுக்கூடங்களில் சிலவற்றுக்கு மட்டும் குலுக்கல் முறையில் வெளிநாட்டு ஏற்றுமதி ஆர்டர் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். 2017-இல் வந்த அவர்களது கட்டுரை சொல்வது இது: ஆர்டர் கிடைத்தவர்களின் லாபம் 16 முதல் 26 சதவீதம் வரை உயர்ந்தது, கம்பளங்களின் தரமும் உயர்ந்தது. வாங்குபவர் குறை சொல்லச் சொல்ல, நெசவாளர் திருத்திக்கொண்டே வந்தார். அதாவது, ஆர்டர் முதலில் வந்தது. தரம் அதன்பின் வளர்ந்தது. வாங்க ஆளில்லாத பொருளின் தரத்தை எந்த அளவுகோலால் கூட்டுவது? வீட்டில் அரைத்த மசாலாப் பொடியை மளிகைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும் சுயஉதவிக் குழுப் பெண்ணிடம் கடைக்காரர் “வச்சுட்டுப் போங்கம்மா, வித்தா காசு தர்றேன்” என்பார். மூன்று மாதம் கழித்து அதே பாக்கெட்டுகள் தேதி முடிந்து ரிட்டன் வரும். பொடியில் காரம் கூடிவிட்டதா, உப்பு குறைந்ததா என்று சொல்ல ஒருவரும் அதை வாங்கிச் சமைத்திருக்க மாட்டார்கள்.

‘முதல் போட ஆளில்லை, கடன் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பது மூன்றாவது வாதம். கடன் கிடைக்காமல் தவிப்பவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ குழுவினர் ஹைதராபாதின் 104 குடியிருப்புப் பகுதிகளில் நுண்கடனின் விளைவைப் பார்த்தபோது, பெரும்பாலான சிறுதொழில்களின் லாபத்தில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் தெரியவில்லை. கென்யாவில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 653 கிராமங்களை எடுத்துக்கொண்ட அந்த ஆய்வில் 10,500-க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு ஏறக்குறைய 1,000 டாலர் வீதம், திருப்பித் தர வேண்டாத பணமாகக் கொடுத்தார்கள். கடைக்காரர்களுக்கு என்று தனியாக ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த வட்டாரக் கடைகளின் வருவாய் ஏறியது. அவர்கள் பெரிதாகப் புது முதல் போடவில்லை. விலையும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. சரக்கும் ஆளும் முன்பே சும்மா கிடந்திருக்கின்றன. தெருவில் காசு புழங்கியதும் கல்லா நிறைந்தது.

‘பதினைந்தாயிரம் ரூபாயில் தொடங்கியவர் ஜெயிக்கவில்லையா?’ என்று கேட்பார்கள். சி.கே. ரங்கநாதன் 1983-இல் கடலூரில் அந்தத் தொகையோடுதான் சிக் ஷாம்பு தொழிலைத் தொடங்கினார். அவர் உழைப்புக்கு ஈடில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் வெற்றிடத்தில் தொடங்கவில்லை. அவர் தந்தை சின்னிகிருஷ்ணன் பாக்கெட்டில் ஷாம்பு விற்கலாம் என்பதை முன்பே செய்து காட்டியிருந்தார். அவருடைய குடும்பமே அந்த வியாபாரத்தில் இருந்தது. பாட்டில் வாங்க வசதியில்லாதவர்களும் சில்லறைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது தெரிந்த செய்தி. எந்த கம்பெனியின் காலி பாக்கெட்டானாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்து, ஏற்கெனவே ஷாம்புக்குச் செலவு செய்கிறவர்களைத்தான் அவர் முதலில் தன் பக்கம் இழுத்தார். முகாம்களில் அவருடைய பதினைந்தாயிரத்தைச் சொல்கிறார்கள். இந்தக் காலி பாக்கெட்டைச் சொல்வதில்லை. இளைஞர்கள் கற்க வேண்டியது இதைத்தான்.

தேவையைப் புதிதாக உருவாக்கலாமே என்பார்கள். உருவாக்கலாம், தாங்கும் சக்தி இருப்பவர்கள். டாடா நானோ 2008-இல் அறிமுகமானபோது அதைப் பேசாத பத்திரிகை இல்லை. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் செய்யச் சானந்தில் தொழிற்சாலை எழுந்தது. எந்த ஆண்டிலும் விற்பனை ஒரு லட்சத்தைத் தொடவில்லை; 2018-இல் தயாரிப்பு நின்றது. பைக்கில் போகிற குடும்பம் காருக்கு ஆசைப்பட்டது உண்மை, ‘மலிவான கார்’ என்ற பெயருக்கு ஆசைப்படவில்லை. அந்தக் குழுமம் அடியைத் தாங்கி நின்றது. தாலிக்கொடியை அடகு வைத்தவர் தாங்க மாட்டார்.

இதற்கு நேர் எதிராக, ‘தொழில் தொடங்கினால் பத்தில் ஒன்பது பேர் தோற்பார்கள்’ என்று பயமுறுத்துவதும் சரியல்ல. நெடுங்காலமாகக் கணக்கு வைத்திருக்கும் அமெரிக்காவில், புதிய தொழில்களில் ஐந்தில் ஒன்று முதல் ஆண்டில் மூடப்படுகிறது. ஏறக்குறைய பாதி ஐந்தாண்டைத் தாண்டுகிறது. ‘இந்த ஏரியாவில் போட்டியே இல்லை’ என்று சந்தோஷப்படுவதும் தவறுதான். ஒரு கடைகூட இல்லாத இடத்தில், ஏன் இல்லை என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

ஆகவே பயிற்சி கொடுப்பவர்களையும் கடன் கொடுப்பவர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். திட்ட அறிக்கையில் ‘சந்தை வாய்ப்பு நன்றாக உள்ளது’ என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். இதே பொருளைப் போன மாதம் யார் வாங்கினார்கள், எங்கே வாங்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பத்து பேரிடம் முன்பணம் வாங்கி வரச் சொல்லுங்கள். முன்பணம் வரவில்லை என்றால், வாங்க ஆளில்லை என்பது கடன் வாங்கும் முன்பே தெரிந்துவிடும். அரசுக்கு வழி தெரியாமல் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களிடம் தைக்கக் கொடுப்பது நம் அரசுதான். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. மெஷின் கொடுக்கும் ஒவ்வொரு விழாவிலும் ஆர்டரையும் சேர்த்துக் கொடுங்கள்.