மறைத்து எழுதிய படிவமும் மறுக்கப்பட்ட காப்பீடும்



வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் புறப்படும் நம் மக்களிடையே ஒரு தீய வழக்கம் வேர்பிடித்து வருகிறது. விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் 'அன்ஃபிட்' என்று எழுதிக் கொடுக்கப்பட்டவர், அந்தத் தாளை மடித்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டு, சில வாரங்களிலேயே ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் தமக்கு எந்த நோயும் இல்லை, எந்தப் பரிசோதனையிலும் எதுவும் தெரியவரவில்லை என்று கையொப்பமிடுகிறார். முகவர் சொல்லிக் கொடுக்கிறார். வீட்டார் வாய் திறப்பதில்லை. வட்டியைப் பற்றி மாதந்தோறும் முழங்கும் மிம்பர்களும் இதைத் தொடுவதில்லை. இது பொய், ஒப்பந்தத்தில் செய்யும் மோசடி, ஹராம். இதைச் சொல்வதற்கு நாம் யாருக்கும் அஞ்சத் தேவையில்லை.

பரிசோதனையே அநியாயம் என்று வாதிடுவோரும் உள்ளனர். அதை நாம் ஏற்கவில்லை. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அவ்வூரிலிருந்து வெளியேறவும் வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்பித்த நெறி. ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள் நோய்ச் செய்தி கேட்டுப் பாதி வழியில் திரும்பியதை மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளும் அறிவர். ஒரு நாடு தன் வாசலில் நோயைத் தடுக்க நினைப்பது குற்றமன்று. ஆனால் அந்தப் பரிசோதனை நடத்தப்படும் விதத்திலும், முடிவு சொல்லப்படும் விதத்திலும் நமக்கு முறையீடு உண்டு.

முன்பு 'காம்கா' என்றும் இப்போது 'வாஃபித்' என்றும் அழைக்கப்படும் அந்த ஏற்பாட்டில், வளைகுடாக் கூட்டுறவு நாடுகளுக்குச் செல்வோர் இணையத்தில் பதிவு செய்து, அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்குச் செல்கின்றனர். இரத்தம் எடுக்கிறார்கள், மார்பை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, காசநோய் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பயணம் நின்றுபோகும். நுரையீரலில் என்றோ ஆறிப்போன காசநோயின் தழும்பு தெரிந்தாலும் பலருக்கு இதே கதிதான். ஹெபடைடிஸ் சி இன்று பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையில் முழுமையாகக் குணமாகிற நோய். ஆயினும் குணமான பின்பும் இரத்தத்தில் அதன் எதிர்ப்பொருள் தங்கியிருக்கும். அந்த எதிர்ப்பொருளை மட்டும் தேடும் சோதனை, குணமானவரையும் நோயாளி போலவே காட்டும்.

இவ்வளவு நுணுக்கமான விஷயத்துக்கு அந்த இளைஞருக்குக் கிடைப்பதோ ஒரே ஒரு சொல்: அன்ஃபிட். எந்த நோய், எந்த நிலை, அடுத்து எந்த மருத்துவரைப் பார்ப்பது என்று உட்காரவைத்துச் சொல்வோர் பெரும்பாலும் இல்லை. ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் இருப்பவர் அனைவருக்கும் கல்லீரல் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. கிருமியின் அளவையும் கல்லீரல் நொதிகளையும் சோதித்து, ஸ்கேன் எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கவனித்து வந்தால் நெடுநாள் நலமாக வாழ்வோர் ஏராளம். 2018 முதல் நடுவண் அரசின் தேசிய கல்லீரல் அழற்சி நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதற்கான சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்த பணம் போயிற்றே என்று கவலைப்படும் குடும்பம், அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் உள்ள உடலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் நிலையைச் சொல்கிறோம். ஊரையும் பெயரையும் தவிர்க்கிறோம். ஓட்டுநர் வேலைக்குச் செல்லவிருந்த ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. பயணம் நின்றது. அடுத்த மாதமே இருபது இலட்ச ரூபாய்க்குப் பாலிசி எடுத்தார். படிவத்தை நிரப்பியவர் முகவர். கல்லீரல் நோய் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியதும் அவரே. கீழே கையொப்பம் மட்டும் இவருடையது. இரண்டாண்டும் சில மாதங்களும் கழிந்த நிலையில் கல்லீரல் புற்றுநோயில் அவர் மௌத்தானார். இத்தாவில் இருந்த மனைவியின் சார்பில் அண்ணன் போய் மனு கொடுத்தார். நிறுவனம் மருத்துவமனையின் நோயாளிக் குறிப்பேட்டை வரவழைத்தது. வளைகுடா மெடிக்கலிலேயே இந்த நோய் தெரியவந்ததாக முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. அதைச் சொன்னவரும் அவரே, சிகிச்சைக்காக மருத்துவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டது. மறைத்தது மோசடி எனக் கூறிக் கட்டிய பிரீமியத்தையும் தர மறுத்துவிட்டார்கள். படிவத்தை நிரப்பிய முகவரோ வேறு ஊருக்கு மாறிவிட்டார்.

இதில் நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 45ஆம் பிரிவு 2015இல் திருத்தப்பட்டது. அதன்படி, பாலிசி தொடங்கி மூன்றாண்டுகளுக்குள் முக்கியமான உண்மை மறைக்கப்பட்டது தெரிந்தால் நிறுவனம் அதை இரத்துச் செய்யலாம். மோசடி நோக்கமின்றித் தவறாகச் சொல்லப்பட்டிருந்தால் கட்டிய பிரீமியத்தைத் தொண்ணூறு நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். மூன்றாண்டுகள் கடந்துவிட்டால் எக்காரணத்தைக் கொண்டும் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. முகவர் எழுதினார், நான் படிக்காமல் கையொப்பமிட்டேன் என்ற சமாதானமும் பொதுவாக எடுபடாது. முன்பே எடுத்திருந்த வேறொரு பாலிசியை மறைத்த வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே கூறியிருக்கிறது.

ஃபிக்ஹு படித்தவர்களுக்கு இது புதிதன்று. ஷாஃபிஈ மத்ஹபிலும் ஹனஃபீ மத்ஹபிலும், குறையை மறைத்து விற்கப்பட்ட பொருளைத் திருப்பிக் கொடுத்து வியாபாரத்தை முறிக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. 'கியாருல் அய்ப்' என்று இதற்கான பாடமே இருக்கிறது. மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நாம் எத்தனை முறை பயானில் கேட்டிருப்போம்! மழையில் நனைந்தது என்று விற்பவர் காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டுக் கண்டித்தார்கள் நபியவர்கள். தானியம் நனைந்தது அவருடைய குற்றமன்று. உள்ளே தள்ளி மூடியதே குற்றம். நோய் வந்தது நம் இளைஞரின் குற்றமன்று.

இனி அந்த மூன்றாண்டு விஷயத்துக்கு வருவோம். முகவர்கள் காதோடு ஓதும் மந்திரம் இதுவே: "மூணு வருஷம் தள்ளிட்டா யாரும் ஒண்ணும் செய்ய முடியாது பாய்." சட்டத்தின்படி அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்தச் சட்டம் ஏன் வந்தது? ஆண்டுக்கணக்கில் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, ஆள் இறந்த பிறகு பழைய குப்பையைக் கிளறிப் பணம் தராமல் தப்பிக்கும் நிறுவனங்களைத் தடுக்க வந்தது. பொய்யர்களுக்குப் புகலிடம் கொடுக்க வந்ததன்று. நீதிமன்றத்தில் கேட்கப்படாத கேள்வி மஹ்ஷரிலும் கேட்கப்படாது என்று நினைப்பவருக்கு நாம் சொல்ல எதுவுமில்லை. மேலும், அந்தப் பணம் யாருடையது? நிறுவன முதலாளியின் பெட்டியிலிருந்து மட்டும் அது வருவதில்லை. நம்மைப் போலவே மாதந்தோறும் கட்டும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பணம் அது.

இன்னொரு சாராரின் வாதம் இதைவிட மோசமானது. வணிகக் காப்பீடே ஹராம், எனவே அந்தப் படிவத்தில் உண்மை எழுதினாலென்ன, பொய் எழுதினாலென்ன என்கிறார்கள். வணிகக் காப்பீட்டில் கரர் கலந்திருப்பதால் அது கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் 1985 டிசம்பரில் ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது உண்மை. அதை ஏற்பவர் பாலிசியே எடுக்காமல் இருக்கட்டும், அது தக்வா. ஆனால் ஒப்பந்தம் கூடாதது என்பதால் அதில் ஏமாற்றுவது கூடும் என்று எந்த இமாம் சொன்னார்? ஒரு ஹராமுக்குள் நின்றுகொண்டு இன்னொரு ஹராமுக்கு ஃபத்வா தேடுவது வேடிக்கை.

காப்பீடு ஹராம் என்று முடித்துக்கொள்ளும் நம் பெரியவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. மாற்று எங்கே? மலேசியாவில் 1984லேயே தகாஃபுலுக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. இலங்கை முஸ்லிம்களுக்கு 1999 முதல் அமானா தகாஃபுல் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் தகாஃபுலுக்கென்று தனி இடம் இல்லை. தம் வாரிசுகளை மக்களிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைவிட வசதியோடு விட்டுச் செல்வதே மேல் என்று ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்களே, அந்த ஹதீஸை எந்தக் கணக்கில் வைப்பது? ஜனாஸாவுக்குக் கூட்டம் கூடுகிறது. ஏழாம் நாள் சாப்பாட்டுக்கும் கூடுகிறது. எட்டாம் நாள் அந்த யத்தீம்களின் பள்ளிக் கட்டணத்தைக் கேட்பார் இல்லை.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாத காரணத்தால் குடியேற்ற அனுமதி பெற்றுச் செல்லும் தொழிலாளர்களுக்கு 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாயும் மூன்றாண்டுக்கு 375 ரூபாயும், வரி தனியாக, கட்டுகிறார்கள். பத்து இலட்சம் கிடைக்கும் என்கிறார்கள். அது விபத்தில் இறந்தால் அல்லது நிரந்தரமாக ஊனமுற்றால் மட்டுமே. தூக்கத்தில் மாரடைப்பு வந்து இறந்தவரின் குடும்பத்துக்கு அந்தப் பத்து இலட்சம் இல்லை. சபுராளி வீடுகளில் பலர் இதை ஆயுள் காப்பீடு என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதுபோலவே 'மெடிக்கல் பாஸ்' ஆகிவிட்டது, எனவே உடம்பு நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையும். நோய் தொற்றுமா, உழைக்க உடல் தாங்குமா என்று பார்ப்பதே அந்தச் சோதனையின் வேலை; இன்னும் இருபதாண்டு இதயம் தாங்குமா என்று அது பார்ப்பதில்லை.

உண்மையை எழுதினால் பாலிசி கிடைக்காதே என்று கேட்பீர்கள். சில வேளை கிடைக்காது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறோம். பல வேளைகளில் மருத்துவ அறிக்கை கேட்பார்கள், பிரீமியத்தைக் கூட்டுவார்கள், அல்லது சில மாதம் கழித்து வரச் சொல்வார்கள். பழைய காசநோய்த் தழும்புக்கு, சிகிச்சை முடிந்ததற்கான சான்று கையிலிருந்தால் நிலைமை பெரிதும் மாறும். ஹெச்.ஐ.வி. உள்ளவருக்குக் கூட, கணிப்பியல் ஆய்வின் ஆதாரமின்றிக் காப்பீட்டை மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. 'அன்ஃபிட்' என்ற ஒரு சொல்லைக் கண்டதுமே கோப்பை மூடிவிடும் நிறுவனங்களும் இருக்கலாம். அவர்களிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், குறைதீர் அலுவலரிடமும் அடுத்துக் காப்பீட்டு ஒம்புட்ஸ்மனிடமும் செல்லுங்கள். உண்மை எழுதியவருக்குத்தான் அங்கே போய்ப் பேச வாய் இருக்கும்.

மறைப்பதற்கு உண்மையான காரணம் பிரீமியம் அன்று, வெட்கம். மெடிக்கலில் திரும்பி வந்தவனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். தேநீர்க் கடையில் ஒருவர் இரத்தத்தைப் பற்றி இன்னொருவர் பேசுகிறார். இப்படி வாயாடும் ஊரில் ஒருவன் முகவரிடம் மனம் திறப்பானா? பிறர் குறையை மறைப்பவருக்கு அல்லாஹ் மறைத்தருள்வான் என்பது இந்த இடத்துக்குப் பொருந்தும் போதனை. ஊராரின் நாவுக்கு அது கட்டளை. படிவத்தில் பொய் எழுத அனுமதியன்று.

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் பைத்துல்மாலில் சபுராளிக் குடும்பங்களுக்கென்று ஒரு தனிக் கணக்கைத் தொடங்கட்டும். மாதம் நூறோ இருநூறோ நன்கொடை என்ற நிய்யத்தில் போடட்டும். இறந்தவரின் வீட்டுக்கு ஓராண்டுச் செலவை அதிலிருந்து கொடுக்கட்டும். அதற்கு மருத்துவச் சான்று கேட்கத் தேவையில்லை. மெடிக்கலில் திரும்பியவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல, வாயடக்கம் உள்ள இருவரை ஜமாஅத் நியமிக்கட்டும்.

ஏற்கெனவே மறைத்துப் பாலிசி எடுத்தவர்கள் இன்றே அதை எடுத்துப் பாருங்கள். பத்திரத்தோடு விண்ணப்பப் படிவத்தின் நகலும் இருக்கும்; இல்லையெனில் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் எந்தெந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதப்பட்டிருக்கிறது என்று வாசியுங்கள். தவறானவற்றைத் திருத்திக் கடிதம் எழுதி, பரிசோதனை அறிக்கையை இணைத்து, கிளை அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். கடிதத்தின் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கி, மனைவியிடம் காட்டி, பாலிசிப் பத்திரத்துக்குள்ளேயே வையுங்கள்.